இடது பக்கத்துக் கட்டைவிரல்

எங்கள் தொழிலில் விரல் ரேகை என்றால் குற்றம். திருவொற்றியூரில் டிரெய்லர் லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கிற ஷெட்டில் பன்னிரண்டு வருடம் ஸ்ப்ரே கன் பிடித்தவன் நான். காயாத பெயிண்டில் எவனாவது கை வைத்துவிட்டால், அந்த இடத்தை வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாளால் தேய்த்து, மறுபடி அடித்து, அங்கே மனிதக் கை பட்டதே தெரியாமல் ஆக்கிவிடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. அந்தத் திமிர்தான் அன்றைக்கு என்னைக் கவிழ்த்தது.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருக்கும். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். அவள் ராயபுரத்துக் கிறிஸ்தவக் குடும்பம், நான் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து மாமனார் எங்கள் இருவரோடும் பேசவில்லை. துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர் அவர். இரும்புக் கயிற்றில் கப்பல் சரக்கைத் தூக்கி இறக்குகிற வேலை. அப்போதுதான் வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டோடு இருந்தார். மாமியார் மட்டும் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போகிற சாக்கில் மாதம் ஒருமுறை பஸ் ஏறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவார்.

ஒரு நாள் காலை மீன் கூடையோடு ஓர் அட்டைப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தார். என் மனைவி எக்ஸ்போர்ட் கம்பெனிக்குத் தைக்கப் போயிருந்தாள். எங்கள் ஷெட்டில் கரண்ட் இல்லாததால் நான் வீட்டில் இருந்தேன்.

"இத்த அவ கையில குடுக்கச் சொன்னாரு."

"இன்னாத்துக்கு?"

"அத்த யாரு அவராண்ட கேக்கறது? மூணு வருசத்துல அவளுக்குன்னு அவரு எடுத்துக் குடுத்த பொருளு இது ஒண்ணுதான். உள்ள ஒரு கண்ணாடி இருந்துச்சு. அத்த மட்டும் குடுக்கல. மூக்குக் கண்ணாடி டப்பாவுல போட்டு வெச்சிக்கினாரு." சொல்லிவிட்டு, மீன் கெட்டுவிடும் என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மூடியில் ஒரு போர்விமானம் மேகத்தைக் கிழித்துக்கொண்டு கீழே பாய்கிற படம். ஓரங்களைக் கரப்பான் தின்றிருந்தது. உள்ளே ஹன்டர் என்ற ஜெட் விமானத்தின் பிளாஸ்டிக் துண்டுகள். ஒட்டிச் சேர்த்தால் ஒரு சாண் நீளம் வரும். சக்கரங்கள், ஏவுகணைகள், எண்ணெய்த் தொட்டிகள் எல்லாம் இன்னும் சட்டத்திலேயே காய்கள் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. உடம்பின் இரண்டு பாதிகளை மட்டும் யாரோ எப்போதோ ஒட்டியிருந்தார்கள். விமானி உட்காரும் குழி திறந்து கிடந்தது. அதை மூடுகிற கண்ணாடிக் கூடுதான் மாமனாரிடம் இருக்கிறது என்று புரிந்தது.

அந்தக் குழிக்குக் கீழே, இடது பக்கத்தில், அது இருந்தது. ஒட்டும்போது வெளியே வழிந்த பசையில் யாரோ கட்டைவிரலை அழுத்தியிருக்கிறார்கள். அந்தப் பசை பிளாஸ்டிக்கையே கரைத்து ஒட்டுகிற வகை. அதனால் ரேகை முழுசாக, வரி வரியாக அதில் பதிந்து இறுகிப்போயிருந்தது. நடுவில் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. ஏதோ கீறல் என்று நினைத்தேன்.

என் மூளை எப்படி ஓடியது என்று இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. இதை முடித்து, ஷோரூம் வண்டி மாதிரி பளபளவென்று கொண்டுபோய் மாமனார் முன்னால் வைக்க வேண்டும். பெயிண்டர் பயல் என்று சொன்ன வாய் மூட வேண்டும். யாரையும் கேட்கவில்லை. நானூறாம் நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்தேன். பிறகு அறுநூறு, பிறகு ஆயிரம். அரை மணி நேரத்தில் அந்த இடம் முட்டை ஓடு மாதிரி வழவழத்தது. பெட்டி வந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் அவள் வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. விமானத்தை எடுத்து இடது பக்கம் திருப்பினாள்.

"இங்க ஒண்ணு இருந்துச்சே?"

"தேச்சிட்டேன். எப்படி? நைசா இல்ல?"

அவள் முகம் வெளுத்துவிட்டது. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. கட்டிலில் உட்கார்ந்து, விமானத்தை மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

அவளுக்குப் பத்து வயது. ஒரு கப்பல் அதிகாரி அப்பாவுக்கு இந்தப் பெட்டியைக் கொடுத்தாராம். அப்பாவும் மகளும் மூன்று ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் மேசையில் செய்தித்தாள் விரித்து இதைச் செய்தார்கள். அவளுக்கு அது திருவிழா. மூன்றாவது ஞாயிறு, உடம்பை ஒட்டி இருவரும் மாற்றி மாற்றி அழுத்திப் பிடித்தார்கள். கையை எடுத்துப் பார்த்தால் ரேகை. அப்பா ஸ்டீல் ஸ்கேலை எடுத்து அவள் புறங்கையில் இரண்டு வைத்தார். "உன் கைக்கு இதெல்லாம் வராது" என்றார். பெட்டி பீரோவின் மேலே போனது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை.

"அடிச்சத மறந்துட்டேன். அந்தப் பேச்சுதான்." அவள் தன் கைகளைப் பார்த்துக்கொண்டாள். "பத்தாவது முடிச்சி பாலிடெக்னிக்ல டிராயிங் படிக்கணும்னு அப்ளிகேசன் பாரம் வாங்கினு வந்தேன். அப்பவும் அதேதான். 'உன் கைக்கு அதெல்லாம் வராது, ஒரு விமானத்த ஒட்டத் தெரியல.' பாரத்தக் கிழிச்சிட்டாரு."

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. டம்ளர் கை நழுவினால், ஊசி முறிந்தால், கோலத்தில் ஒரு புள்ளி தப்பினால், "என் கை அப்படி" என்பாள். மூன்று வருடமாக அதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன், கேலியும் செய்திருக்கிறேன். அது எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்கு நெஞ்சு எரிந்தது.

"போயி ரெண்டு கேள்வி கேட்டுட்டு வரேன்" என்று எழுந்தேன்.

"ஒக்காருய்யா. கேக்கறாராம் கேள்வி! நீ பண்ணது இன்னா தெரியுமா? என் தப்பு இதுன்னு நான் பாக்கத்தான் அவரு குடுத்து அனுப்பிருக்காரு. இப்ப அத்தக் காணோம்னா, செஞ்ச தப்ப நானே மறைச்சிட்டேன்னு நெனப்பாரு. நம்ம மூஞ்சில இனிமே முழிக்கவே மாட்டாரு."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதைதான்.

கடைசியில் அவளே சொன்னாள்: "முடி. நல்லா முடி. கண்ணாடி மட்டும் பாக்கி இருக்கற மாதிரி. அத்த வாங்கறதுக்குன்னு ஒரு தபா அந்த வூட்டுப் படி ஏறலாம். ஆனா என் கை இதுல படாது."

ஐந்து வாரம் அந்தச் சாண் பிளாஸ்டிக் எங்கள் வீட்டை ஆட்டி வைத்தது. முதலில் என் அகராதித்தனம். லாரிக்கு அடிக்கிற பெயிண்ட், லாரிக்குக் கலக்குகிற தின்னர். இதற்கு மட்டும் என்ன வேறு என்று நினைத்தேன். நல்ல வேளை, சட்டத்தில் ஒரு குச்சியை உடைத்து அதன்மேல் தின்னரைத் தொட்டுப் பார்த்தேன். வெயிலில் வைத்த வெல்லம் மாதிரி இளகிவிட்டது. விமானத்தின் மேல் நேராக அடித்திருந்தால் ஒரு கூழ் உருண்டையைத்தான் மாமனாருக்குக் கொண்டுபோயிருப்பேன். உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அதன் பிறகு எனாமலும் டர்பன்டைனும்தான்.

பெயிண்டை விடப் பெரிய எதிரி சாம்பல். எண்ணூர் அனல்மின் நிலையத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் விரல் வைத்துப் பெயர் எழுதலாம். அடித்த பெயிண்ட் காய்வதற்குள் ஒரு துகள் விழுந்தாலும் மறுபடி தேய்க்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்து, ஜன்னலில் ஈரத் துணி கட்டி, சோறு மூடுகிற ஈ வலைக்குள் விமானத்தை வைத்தேன். அப்படியும் இரண்டு தடவை இறக்கையைச் சுரண்ட வேண்டி வந்தது. உடம்பை ஆட்டினால் உள்ளே ஏதோ உருண்டது. மூக்கில் எடை இல்லையென்றால் இந்த விமானம் வால் பக்கம் உட்கார்ந்துவிடும் என்று பெட்டிக்குள் இருந்த செய்முறைத் தாளில் போட்டிருந்தது. அதற்காக மாமனார் மீன் வலையில் கட்டுகிற ஈயக் குண்டைப் போட்டிருக்கிறார். எத்தனை கோபம் இருந்தாலும், கெட்டிக்காரர்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

அவள் பக்கத்திலேயே வரவில்லை. அடுப்பங்கரை வாசலில் நின்று பார்ப்பாள். நான் திரும்பினால் பருப்பைக் கிளறப் போய்விடுவாள்.

பிறகு ஸ்டிக்கர் ஒட்டுகிற நாள் வந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் காகிதத்திலிருந்து தோல் மாதிரி கழன்று வரும். அதை நகர்த்தி உடம்பில் படிய வைக்க வேண்டும். விமானப்படைச் சின்னமாக நீலம், வெள்ளை, சிவப்பு வளையங்கள் ஆறு. ஆறு இடம், ஆறு வளையம், உபரி கிடையாது. பழசாகி மஞ்சளடித்திருந்தன. வேண்டாத ஒரு குட்டி எழுத்தை ஊறவைத்துப் பார்த்தேன். அப்பளமாக நொறுங்கியது. மிச்சத்துக்கெல்லாம் வார்னிஷ் ஒரு கை அடித்துக் காயவைத்து, மறுநாள் மத்தியானம் முதல் வளையத்தைத் தண்ணீரில் போட்டேன். கழன்றது. என் விரலோ வாழைப்பழ சைஸ். இறக்கையில் வைக்கப் போனால் அது என் விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு இரண்டாக மடிந்துவிட்டது.

"ஏய்! வா இங்க! போச்சு!" என்று கத்தினேன்.

"நான் தொட மாட்டேன்."

"தொடு இல்லனா தூக்கிப் போடு! என்னால ஆகாது!"

அவள் வந்தாள். என் கையைப் பிடித்து அப்படியே தண்ணீர்க் கிண்ணத்துக்குள் அமுக்கினாள். தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்த மடிப்பின் இடையில் பின்னின் வளைவை விட்டு, தண்ணீருக்குள்ளேயே மெதுவாகத் திருப்பினாள். வளையம் பூ மாதிரி விரிந்தது. அதை இறக்கையில் ஏற்றி, பஞ்சால் ஒற்றி, தலையைச் சாய்த்துப் பார்த்து, ஒரு மயிரிழை நகர்த்தினாள். அதற்குள் அடுப்பில் பருப்பு தீய்ந்துவிட்டது. இருவரும் நகரவில்லை. ஆறு வளையத்தையும் அவளே ஒட்டினாள். ஒன்றுகூடக் கோணவில்லை.

"பாத்தியா உன் கைய?" என்றேன்.

"ஏதோ தப்பிச்சிது" என்று கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராயபுரம் போனோம். ஷூ டப்பாவில் பஞ்சு பரப்பி விமானத்தை வைத்து, பஸ்ஸில் அவள் அதை மடியில் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியை ஒட்டுவதற்குத் தச்சர்கள் வைத்திருக்கிற வெள்ளைப் பசை ஒரு சின்ன பாட்டிலில் என் பையில் இருந்தது. வழி முழுக்க அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டாள்: "ரேகை எங்கன்னு கேட்டா இன்னா சொல்றது?" நானே சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

பூசை முடிந்து வந்த வெள்ளைச் சட்டையோடு மாமனார் மேசை முன்னால் உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. மாமியார் டீ போடுகிறேன் என்று உள்ளே ஓடிவிட்டார். அவள் டப்பாவைத் திறந்து விமானத்தை அவர் முன் வைத்தாள்.

அவர் அதை எடுத்தார். என் பெயிண்டைப் பார்க்கவில்லை. அவள் ஒட்டிய வளையத்தைப் பார்க்கவில்லை. நேராக இடது பக்கம் திருப்பி, தன் கட்டைவிரலைக் குழிக்குக் கீழே வைத்துத் தடவினார். நிறுத்தினார். மறுபடி தடவினார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஜன்னலோரம் போய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"எங்க அது?"

மூன்று வருடம் கழித்து அவர் எங்களிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான்தான்பா..." என்று அவள் ஆரம்பித்தாள். பத்து வயதிலிருந்து பழகிப்போன பழி. எனக்குச் சுரீரென்றது.

"அவ இல்ல மாமா. நான் தேச்சேன். பொட்டி வந்த அன்னிக்கே. அவ வேலைக்குப் போயிருந்தா."

"அப்ப அவ அத்தப் பாக்கவே இல்லியா?"

"இல்ல."

அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்பதைவிட விழுந்தார் எனலாம். கோபம் வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கோபம் வரவில்லை. அந்த முகத்தில் இருந்தது பயம். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அப்போதுதான் விமானத்தைப் பிடித்திருந்த அவருடைய இடது கையைப் பார்த்தேன். கட்டைவிரலின் சதையில், ரேகையை அறுத்துக்கொண்டு, குறுக்கே சாய்வாக ஒரு தழும்பு.

அந்தக் கோடு. நான் கீறல் என்று நினைத்து நானூறாம் நம்பரில் தேய்த்த கோடு. அந்த ரேகை பத்து வயதுக் கைக்கு எவ்வளவு பெரிது என்பதுகூட என் மரமண்டைக்கு அதுவரை உறைக்கவில்லை.

நான் அந்த விரலைப் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். மெல்ல அதை மடக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். அந்த அறையில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் விஷயம் தெரியும். அத்தாட்சி சாக்கடையோடு போய் ஐந்து வாரம் ஆகிவிட்டது. அவர் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டால் யாரும் அவரை எதுவும் கேட்க முடியாது. நான் சொன்னாலும், மாமனாரைப் பிடிக்காத மருமகன் கதை கட்டுகிறான் என்றாகிவிடும். சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. ஆனால் அவர் வாயிலிருந்துதான் வர வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் வந்துவிட்டது. நான் அவரையே முறைத்துக்கொண்டு நின்றேன். டீ வந்தது. யாரும் தொடவில்லை. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போனது. அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அவர் மடக்கிய விரலைப் பிரித்து மேசைமேல் வைத்தார்.

"அது உன் வெரலு இல்லம்மா. என்து."

மறு கையில் இருந்த விமானத்தையும் மேசைமேல் வைத்தார்.

"ரெண்டு நாள் கழிச்சி எடுத்துப் பாத்தேன். ரோப்பு வெட்டின தழும்பு அதுல அப்டியே கெடந்துச்சு. அடிச்சிட்டமேன்னு ஆயிடுச்சு. புள்ளயாண்ட போயி எப்டி சொல்றது? திரும்ப பீரோ மேலயே போட்டுட்டேன். இப்ப ரிட்டயராயி வூட்டுல குந்திக்கினு கீறேன், தெனம் அதான் கண்ணு முன்னாடி. வாயால சொல்ல முடியல. நீ பாத்தா புரிஞ்சிக்குவேன்னு அனுப்பினேன்."

அவள் நம்பமாட்டாளோ என்று பயந்த மாதிரி அவர் என் பக்கம் திரும்பினார். "நீ பாத்தியே. சொல்லேன்."

மூன்று வருடம் என் பெயரைக்கூட உச்சரிக்காத மனிதர் என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறார். உலகத்தில் அதைக் கண்ணால் பார்த்த மூன்றாவது ஆள் நான் ஒருவன்தான்.

"குறுக்க ஒரு கோடு இருந்துச்சு" என்றேன். "இதே கோடு."

அவள் அப்பாவின் கட்டைவிரலைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"அப்ப என் பாரத்தக் கிழிச்சப்ப, உனக்குத் தெரியும்."

அவர் தலை குனிந்தார்.

"தெரியும் இல்லப்பா?"

"தெரியும்."

அவள் அழவில்லை. நான்தான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவள் மேசைமேல் இருந்த மூக்குக் கண்ணாடி டப்பாவைத் திறந்து, அந்தக் கண்ணாடிக் கூட்டை எடுத்திருந்தாள். கடுகளவு கீறல் இல்லாமல் துணியில் சுற்றி வைத்திருந்தார். அவள் என்னிடம் கையை நீட்டினாள். பசை பாட்டிலைக் கொடுத்தேன். ஹேர்பின்னை உருவிக்கொண்டாள். அவள் தோதாக ஒட்டுவதற்கு விமானத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அவர் இரண்டு கையையும் நீட்டினார்.

"நீ தொடாதப்பா" என்றாள். "கைய எடு."

அவர் எடுத்துவிட்டார். ஸ்கேலடி வாங்கிய பிள்ளை மாதிரி இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு, அவள் ஹேர்பின் முனையால் விளிம்பு முழுக்கப் பசை தொட்டு வைப்பதையும், கூட்டைக் குழிமேல் இறக்குவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விரல்களை எடுத்தாள். எங்கேயும் ஒரு சொட்டுகூட வெளியே வழியவில்லை.